இரும்பு முகமூடியும் உத்தம புத்திரனும்

சென்ற திங்கள், புதுக்கோட்டைக்கும் கீரனூருக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் புது வீடு மந்திரிக்கச் சென்றிருந்தோம். உபதேசியார் தீர்த்தச் செம்பைத் தாங்கி முன்னே நடக்க, அறை அறையாகத் தெளித்து முடித்துத் திண்ணையில் வந்து அமர்ந்தோம். அவ்வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் இருவர். பத்தாம் வகுப்பில் பயில்கின்றவர்கள். கால் மணி நேர இடைவெளியில் பிறந்தார்களாம். வீட்டுத் தலைவி மோர்ச் செம்பை வைத்துவிட்டுப் பிள்ளைகளை அழைத்தார்.

“மூத்தவன் தங்கம், சாமி. சொன்ன வேலையச் செய்வான், படிப்பான், கோயிலுக்கும் வருவான். இளையவன்தான்...” என்று கையை விரித்தார். “ஒரே வயித்துல ஒண்ணாக் கெடந்ததுதான். எப்படித்தான் இவன் மட்டும் இப்படி வாய்ச்சானோ!”

தாய் இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. விருந்தினரிடம் வீட்டின் அளவைச் சொல்வது போல இயல்பாகச் சொன்னார். இளைய பிள்ளை நிலைக்கதவின் பின்னே பாதி முகம் மறைய நின்றிருந்தான். முன்னே வரவில்லை. தன்னைப் பற்றிய இச்சொல்லைப் பலமுறை கேட்டவன் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

திண்ணையின் மறு கோடியில் கயிற்றுக் கட்டிலில் கிடந்த அவர்களுடைய பாட்டனார் அப்போது வாய் திறந்தார். எண்பத்தெட்டு வயதுப் பெரியவர். “சாமி, நம்ம ஊரு சின்னப்பா நடிச்ச உத்தம புத்திரன் பாத்திருக்கியளா?” என்று கேட்டார். இல்லை என்றோம். “சின்னப் பயலா இருக்கையில டூரிங் கொட்டகையில பாத்தேன். மணல்ல உக்காந்து. அதுலயும் ரெட்டப் பிள்ளையதான். ஒருத்தன் நல்லவன், ஒருத்தன் கெட்டவன். கெட்டவன் தோத்தப்ப கொட்டகையே கைதட்டுச்சு. நான் மட்டும் அழுதேன். எங்கண்ணன் ஏண்டா அழுவுறன்னு கேட்டாரு. ரெண்டும் சின்னப்பாதானண்ணேன்னு சொன்னேன்.”

பெரியவர் அத்துடன் நிறுத்திக்கொண்டார். தாய் அடுப்படிக்குச் சென்றுவிட்டார். நாம் மோரைக் குடித்து முடித்து, ஊர் திரும்பினோம். ஆனால் அந்தச் சொல் நம்முடனேயே மோட்டார் வாகனத்தில் ஏறிக்கொண்டது. ஆகவே இத்திங்கள் இப்பகுதியில், அந்தப் படத்தைப் பற்றியும் அதன் கதாநாயகரைப் பற்றியும், அக்கதை எங்கிருந்து நம் ஊருக்கு வந்து சேர்ந்தது என்பது பற்றியும் எழுத விழைகிறோம்.

பி. யு. சின்னப்பா என்பதில் முதலெழுத்துப் புதுக்கோட்டையைக் குறிக்கும். இரண்டாவது எழுத்து அவருடைய தந்தை உலகநாத பிள்ளையைக் குறிக்கும். நம் முன்னோர் புனித பவுலைச் ‘சின்னப்பர்’ என்றே வழங்கி வந்தமையால், பெயரைக் கேட்ட அளவில் இவரை நம்மவர் என்று எண்ணுகின்ற முதியோர் இன்றும் சிலர் உளர். ஒருமுறை பங்கு விழாக் கூட்டத்திலேயே இது குறித்து ஒரு வாக்குவாதம் எழுந்து, நாம் தலையிட்டுத் தீர்க்க நேர்ந்தது. அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். நாடகக் குடும்பத்தில் 1916-ஆம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதிலேயே பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட பிள்ளைகள் நாடகக் குழுவில் சேர்ந்து பாடி நடித்தவர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அவர் முன்னணி நடிகராக விளங்கிய நாளில், அதே குழுவில் இளையவராக இருந்தவர்களுள் ஒருவர் பிற்காலத்தில் தமிழ்நாட்டின் முதலமைச்சரான எம். ஜி. ஆர்.

பிள்ளைக் குரல் உடைகின்ற பருவம் நாடகச் சிறுவர்க்குப் பெருந்துன்பம். அன்று பின்னணிப் பாடகர் கிடையாது. குரல் போனால் பிழைப்பும் போயிற்று. சின்னப்பாவுக்கும் அந்நிலை நேர்ந்தது. அவர் ஊர் திரும்பிச் சிலம்பமும் உடற்பயிற்சியும் பழகினார். குரல் மீண்டபோது, பாடவும் கத்திச் சண்டையிடவும் ஒருங்கே வல்ல ஒருவராகத் திரும்பி வந்தார். 1936-இல் ‘சந்திரகாந்தா’ என்னும் படத்தில் நடித்தார். அதுவும் ஜே. ஆர். ரங்கராஜு எழுதிய நாவலிலிருந்து எடுக்கப்பட்டதே. அதன் பின் சில ஆண்டுகள் சொல்லத்தக்க பெரும் பெயர் இல்லை. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தை நடத்தி வந்த டி. ஆர். சுந்தரம் 1940-இல் எடுத்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் அவருக்குக் கதாநாயகர் வேடத்தைக் கொடுத்தார். ஒரு வேடமன்று, இரண்டு. தமிழ்ப் பேசும் படத்தில் ஒரே நடிகர் இரு வேடம் தாங்கி வந்தது அதுவே முதல் முறை என்பர். எம். வி. ராஜம்மாவும் டி. எஸ். பாலையாவும் உடன் நடித்தனர்.

கதை நம் வாசகர் பலருக்கும் தெரிந்ததே. அரசனுக்கு இரட்டை ஆண் மக்கள். ஒருவன் அரண்மனையில் தீயோர் நடுவே வளர்ந்து கொடியவன் ஆகிறான். மற்றவன் மறைவாக எளியோர் நடுவே வளர்ந்து நல்லவன் ஆகிறான். முகம் ஒன்றாக இருப்பதால் குழப்பமும், சிறையும், மீட்பும், முடிவில் அறத்தின் வெற்றியும் வருகின்றன.

இக்கதையைச் சேலத்துக்காரர்கள் தாமே புனையவில்லை. அதற்கு முந்திய ஆண்டு, 1939-இல், ஹாலிவுட்டில் ‘இரும்பு முகமூடி மனிதன்’ என்னும் படம் வெளிவந்திருந்தது. ஜேம்ஸ் வேல் இயக்கியது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியாகவும், அவருடைய இரட்டைச் சகோதரர் பிலிப்பாகவும் லூயி ஹேவர்டு என்னும் ஒரே நடிகர் தோன்றினார். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, இங்கிலாந்து நாடக மேடை வழியாக அமெரிக்கா சென்றவர் அவர். அப்படத்தில் கொடிய மன்னன், தன் உடன்பிறந்தானின் முகத்தில் இரும்பு முகமூடியைப் பூட்டிச் சிறையில் அடைக்கிறான். உள்ளே தாடி வளர்ந்து வளர்ந்து அவனை மூச்சு முட்டச் செய்து கொல்லட்டும் என்பது மன்னனின் எண்ணம். வெளியிலிருந்து யாரும் கொல்ல வேண்டியதில்லை. அவன் உடம்பே அவனைக் கொன்றுவிடும்! இந்த ஒரு கற்பனைக்காகவே அப்படத்தை நாம் மறக்க இயலாது.

அந்த ஹாலிவுட் படத்துக்கும் மூலம் வேறொன்று. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமா 1847 முதல் 1850 வரை செய்தித்தாளில் தொடராக எழுதிய நெடுங்கதை அது. நம் பத்திரிகைகளின் தொடர்கதைகளுக்கெல்லாம் அவரைப் பாட்டனார் எனலாம். அவருடைய சொந்தப் பாட்டியோ, மேற்கிந்தியத் தீவில் அடிமையாயிருந்த கறுப்பினப் பெண். டூமா எழுதிய காதல் கதைகள் அனைத்தையும் 1863-இல் நம் திருச்சபை விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலே 1966-இல் செயலிழந்துவிட்டமையால், பின்னாளில் குருமடத்தில் பயின்ற நாம் எந்தப் பாவமும் இன்றி டூமாவைப் படிக்க முடிந்தது. பேராசிரியர் ஒருவரே ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுத்தார். கொடுக்கும்போது, “அதில் வரும் ஆயரைப் பார்த்துப் பயந்துவிடாதே” என்று சிரித்தது நினைவிருக்கிறது.

அந்த ஆயரின் பெயர் அராமிஸ். முன்னாள் போர்வீரர், பின்னாளில் ஆயர், அதற்கும் மேலாகச் சூழ்ச்சிக்காரர். சிறையில் கிடக்கும் பிலிப்பை வெளியே கொணர்ந்து, அரியணையில் இருக்கும் லூயியைத் தூக்கிச் சிறையில் போட்டு, ஒருவர் இடத்தில் மற்றவரை அமர்த்திவிடுகிறார். ஒரே முகம் என்பதால் யாருக்கும் தெரியாது என்பது அவர் கணக்கு. ஆனால் அமைச்சர் ஃபூக்கே இதற்கு உடன்பட மறுத்து, தன்னை வெறுக்கின்ற லூயியையே சிறையிலிருந்து விடுவிக்கிறார். பிலிப் ஒரு நாள்கூட முழுமையாக ஆளவில்லை. அவர் முகத்தில் இரும்பு ஏறுகிறது. தெற்கே ஒரு தீவுச் சிறைக்கு அவரை அழைத்துச் செல்பவர் யார் தெரியுமா? அந்நாவல் வரிசையின் வீர நாயகனான தார்த்தஞ்ஞானே. மன்னன் கட்டளை, நிறைவேற்றுகிறார். நாவலில் மீட்பு இல்லை. நல்லவன் வென்றான் என்பது ஹாலிவுட் சேர்த்துக்கொண்டது.

கதையை விட்டு வரலாற்றுக்கு வந்தால் நிலை இன்னும் வேறாகிறது. பதினான்காம் லூயியின் காலத்தில் அப்படி ஒரு கைதி மெய்யாகவே இருந்தார். 1669-இல் பிடிபட்டு, சேன் மார் என்ற ஒரே சிறை அதிகாரியின் காவலில் சிறைமாறிச் சிறையாக முப்பத்து நான்கு ஆண்டுகள் கிடந்து, 1703 நவம்பர் 19-ஆம் நாள் பாரிஸ் பஸ்தீல் சிறையில் மாண்டார். மறுநாள் வேறொரு பெயரில் அடக்கம் செய்தனர். அவர் எஸ்தாஷ் தோழே என்ற ஒரு வேலைக்காரர் என்பதே இன்று வரலாற்றாசிரியர் பலரும் கொள்ளும் முடிவு. அரசகுமாரர் அல்லர், எவருக்கும் இரட்டையரும் அல்லர்.

பஸ்தீல் சிறையின் அலுவலர் தம் நாட்குறிப்பில் அந்தக் கைதியைப் பற்றி எழுதி வைத்துள்ளார். முகத்தை மறைத்திருந்தது கறுப்பு வெல்வெட்டுத் துணி என்பது அக்குறிப்பு. துணிதான்! ஊர் வாயில் அது எஃகாயிற்று. வால்டேர் 1751-இல் வெளியிட்ட நூலில், கைதி உண்பதற்கு ஏதுவாக முகவாய்ப் பகுதியில் எஃகு வில்கள் பொருத்திய முகமூடி என்று வருணித்தார். அவரே சில ஆண்டுகள் கழித்து, அந்தக் கைதி மன்னரின் உடன்பிறந்தவர் என்னும் கதையையும் பரப்பினார். டூமா அதை முழு இரும்பாகவே வார்த்து முடித்தார். மென்மையான துணி ஒன்று, ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுத, நூற்றைம்பது ஆண்டுகளில் இரும்பாகிவிட்டது. கைதிக்கு வேலைக்காரன் என்ற உண்மை நிலையும் போயிற்று.

இதைப் படித்த அன்று நமக்குத் திண்ணையில் மோர் கொடுத்த அந்தத் தாயின் முகம் நினைவுக்கு வந்தது. ‘இளையவன்தான்...’ என்று அவர் பாதியில் விட்டதும் துணி போன்ற சொல்லே. அதில் முள் இல்லை, எடை இல்லை. முதன்முதலில் அது சொல்லப்பட்ட நாளில், பிள்ளைக்கு இரண்டு வயதோ மூன்று வயதோ இருக்கலாம். பாலைக் கவிழ்த்திருப்பான், அல்லது மூத்தவனைக் கடித்திருப்பான். அச்சொல்லை அத்தை கேட்டு மாமாவிடம் சொல்லியிருப்பார். மாமா பள்ளி ஆசிரியரிடம் சொல்லியிருப்பார். ஆசிரியர் வகுப்பில் சொல்லியிருப்பார். இப்போது பங்குச் சாமியாரிடமும் சொல்லியாயிற்று. உள்ளே தாடி வளர்ந்துகொண்டிருக்கிறது.

நம் தமிழ்ப் படத்துக்கு வருவோம். பிரெஞ்சுக் கதைக்கும் ஹாலிவுட் படத்துக்கும் பெயர் அந்த முகமூடியால் வந்தது. சேலத்தில் அதை எடுத்தவர்கள் முகமூடியை விட்டுவிட்டுப் ‘புத்திரன்’ என்றார்கள். நமக்கு இது சிறு மாற்றமாகத் தோன்றவில்லை. அரசியல் மர்மக் கதை குடும்பக் கதையாகிவிட்டது. கொட்டகைக்கு வந்த தாய்மார்க்கு, யார் அரசாள வேண்டும் என்பதைவிட, என் வயிற்றில் பிறந்தவன் எப்படியானான் என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு ஏற்ற பெயர் அது. ஆனால் அப்பெயரில் ஒரு குறையும் உண்டு. ‘உத்தம புத்திரன்’ என்று ஒருமையில் அழைக்கும்போது மற்றொருவன் என்ன ஆனான்? அவனும் புத்திரன்தானே? பெயர்ப் பலகையில் அவனுக்கு இடமில்லை.

படமே ஒரு செய்தியை வெளிப்படையாகச் சொல்கிறது. கெட்டவனாகப் பிறந்தவன் எவனும் இல்லை; அவனை அரண்மனையில் தீயோர் வளர்த்தனர், அவ்வளவே. நல்லவனின் நற்பண்பும் அவனை வளர்த்த எளியோரிடமிருந்து வந்தது. இப்படிக் கதை முதல் பாதியில் சொல்லிவிட்டு, பிற்பாதியில் தான் சொன்னதைத் தானே மறந்துவிடுகிறது. கொடியவன் வளர்ந்த பின், அவனைக் கைதட்டி விரட்டுவதற்கே எல்லாரையும் அழைக்கிறது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் மணலில் அமர்ந்து, முதல் பாதியை மறவாமல் இருந்தான். ஏசாவும் யாக்கோபும் ஒரே கருவில் இருந்தவர்கள் என்று ஆண்டுதோறும் பிரசங்கம் வைக்கும் நாம், ஏசா வாய்விட்டு அழுத இடத்தை எத்தனை முறை நிறுத்தி வாசித்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தோம். யாக்கோபின் ஏணிக்கே நேரம் போய்விடுகிறது.

இரட்டை வேடக் காட்சியை அக்காலத்தில் எப்படிப் படமாக்கினர் என்பதை நம் இளைஞர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. இன்று கணிப்பொறி அனைத்தையும் செய்துவிடுகிறது. அன்று கையாண்ட முறை இது: காமிராவை அசையாமல் இறுக்கிப் பொருத்துவர். கண்ணாடியின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மூடுவர். திறந்த பாதியில் நடிகர் ஒரு வேடத்தில் நடிப்பார். பின்னர்ப் பிலிமைத் தொடங்கிய இடத்துக்கே பின்னோக்கிச் சுற்றி, அட்டையை மறுபாதிக்கு மாற்றுவர். நடிகர் உடை மாற்றி வந்து, எதிரே யாருமற்ற வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு, தம்முடனேயே பேசுவார். முதலில் பேசிய சொற்களின் நேரத்தை எண்ணிக்கொண்டே விடை சொல்ல வேண்டும். காமிரா மயிரிழை அசைந்தாலும் நடுவே கோடு தெரிந்துவிடும். இருவரும் கைகோக்கவோ நடுக் கோட்டைத் தாண்டவோ முடியாது. தழுவிக்கொள்ளும் காட்சி என்றால், ஒருவர் முதுகுக்கு வேறொரு ஆளைத் தேட வேண்டும். அந்த அட்டைக்குத் தொழிலில் ‘மாஸ்க்’ என்றே பெயர். முகமூடி!

ஹாலிவுட் படத்தில் லூயி ஹேவர்டு வெற்றிடத்தோடு பேச வேண்டாம் என்று, அவருக்கு எதிர்ப் பாத்திரமாய் நின்று உரையாடலைச் சொல்வதற்கு ஓர் இளைஞரை அமர்த்தினர். இங்கிலாந்திலிருந்து அந்த ஆண்டுதான் வாய்ப்புத் தேடி வந்திருந்தவர். ஹேவர்டு மன்னராக நடித்தால் அவர் பிலிப். ஹேவர்டு பிலிப்பானால் அவர் மன்னர். இரு வேடங்களையும் முழுமையாக நடித்தார். பின்னர் அவர் நின்ற பாதியை வெட்டி எறிந்துவிட்டு ஹேவர்டின் மறுபாதியை ஒட்டினர். ஈடாக ஒரு சிறு வேடம் கொடுத்தனர். அந்த இளைஞர்தாம் பின்னாளில் உலகறிந்த நடிகராகிய பீட்டர் குஷிங். அவருடைய முதல் பட அனுபவம், தாம் நடித்ததெல்லாம் வெட்டப்பட்டுப் போனதுதான். தமிழ்ப் படத்திலும் சின்னப்பாவுக்கு எதிரே யாரேனும் நின்று சொல் கொடுத்திருப்பார். அவர் பெயரை எந்தப் பெயர்ப் பட்டியலும் தாங்கவில்லை.

‘உத்தம புத்திரன்’ சின்னப்பாவைத் தமிழ்நாடெங்கும் கொண்டு சென்றது. ‘ஆர்யமாலா’, ‘கண்ணகி’, ‘மனோன்மணி’, ‘ஜகதலப்பிரதாபன்’ எனப் படங்கள் வரிசையாக வந்தன. எம். கே. தியாகராஜ பாகவதருக்கு இணையாக அவரைச் சொல்லும் காலம் வந்தது. 1942-இல் ‘கண்ணகி’யில் கோவலனாக வந்தார். 1944-இல் ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தில் பாடகரும் பக்கவாத்தியக்காரரும் என ஒரே காட்சியில் ஐந்து சின்னப்பாக்கள் அமர்ந்தனர். 1949-இல் ‘மங்கையர்க்கரசி’யில் தந்தை, மகன், பேரன் என மூன்று வேடங்கள். இரட்டையில் தொடங்கியது ஐந்து வரை போயிற்று என்று நம் ஊர்க்காரர் பெருமையாகச் சொல்வர்.

வந்த பணத்தைப் புதுக்கோட்டையிலேயே வீடுகளாக மாற்றினார். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் என்பதும், இனி இவர் வீடு வாங்கலாகாது என்று சமஸ்தானமே தடை விதித்தது என்பதும் ஊரில் தலைமுறையாக வழங்கும் பேச்சு. சிறு வயதில் ஊர் ஊராகக் கொட்டகைகளில் படுத்துறங்கிய நாடகப் பிள்ளைக்குச் சுவரும் கூரையும் மீது இவ்வளவு ஆசை எழுந்தது வியப்பன்று. ஆனால் 1951 செப்டம்பர் 23-இல், முப்பத்தைந்தே வயதில், அவர் புதுக்கோட்டையில் காலமானார். அவர் நடித்த படங்கள் சில அவ்வாண்டில் வெளிவந்தன.

அதே கதையைப் பிறகும் விடவில்லை. 1958-இல் டி. பிரகாஷ் ராவ் இயக்கத்தில் சிவாஜி கணேசன் இரு வேடத்தில் நடித்த ‘உத்தம புத்திரன்’ வந்தது. அதைத்தான் இன்று பெரும்பாலோர் அறிவர். அதே ஆண்டில் எம். ஜி. ஆர். இரு வேடமேற்ற ‘நாடோடி மன்னன்’ வந்தது. அது வேறு ஆங்கிலக் கதையின் சாயல் கொண்டது. 2006-இல் வந்த நகைச்சுவைப் படமான ‘இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி’யிலும் இதே இரட்டையர்தாம் என்று நம் பலிபீடச் சிறுவர்கள் நம்மிடம் சொன்னார்கள். அதில் மட்டும் கெட்டவன் என்று சொல்லப்பட்ட அண்ணன் முடிவில் திருந்தித் தம்பியோடு சேர்ந்து நிற்கிறானாம். பெரியவரிடம் இதைச் சொன்னால் மகிழ்வார்.

இவ்வளவும் எழுதிவிட்டு, நம்மைப் பற்றிய ஒன்றை மறைத்து வைப்பது முறையாகாது.

இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், நம் மாவட்டத்தின் கிழக்கே கடலை ஒட்டிய ஒரு பங்கில் இருந்தோம். குருத்துவ வாழ்வின் தொடக்க ஆண்டுகள். அங்கே ஒரு குடும்பத்தில் ஓராண்டு இடைவெளியில் பிறந்த இரு பையன்கள். இருவருக்கும் தொலைவில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் இடம் கேட்டுத் தந்தை வந்தார். பங்குத் தந்தையின் கடிதம் இருந்தால் விடுதியும் கிடைக்கும் என்ற நிலை. மூத்தவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதினோம். இளையவனைப் பற்றி, “அறிவுள்ளவன், எனினும் கட்டுப்பாட்டுக்கு அடங்காதவன்” என்று ஒரே வரி எழுதினோம். கெபியருகே பட்டாசு வெடித்தது, திருவிழா நாளில் ஒலிபெருக்கிக் கம்பியை அறுத்தது ஆகியவை அப்போது நம் மனத்தில் இருந்தன. பொய் எழுதியதாக அன்று நமக்குத் தோன்றவில்லை. உண்மைக்கு உண்மையாகவே இருக்கிறோம் என்ற நிறைவோடு இரு உறைகளையும் பசை தடவி ஒட்டி, இருவர் கையிலும் கொடுத்தோம்.

மூத்தவனுக்கு இடம் கிடைத்தது. இன்று வெளிநாட்டில் நலமாக இருக்கிறார். இளையவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம். ‘நாம் எழுதியது சரிதான் போலும்’ என்றுகூட ஒரு கணம் எண்ணியிருப்போம்.

அந்த இளையவர் இப்போது புதுக்கோட்டையில் இருசக்கர வண்டி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். நம் பங்கிலேயே குடியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வரிசையில் நிற்பவரை நாம் அடையாளம் கண்டுகொண்டது தாமதமாகத்தான். வீடு மந்திரித்து வந்த மறுவாரம் அவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கேட்கிறார்கள், ஒரு கடிதம் வேண்டும் என்றார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள்; ஞாயிறு மறைக்கல்வியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவள். எழுதத் தொடங்கினோம்.

எழுதிக்கொண்டிருக்கையில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “சாமி, அப்ப எனக்கு நீங்க குடுத்த கடுதாசிய நான் பள்ளிக்கூடத்துல குடுக்கவே இல்ல. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில பாய்லர் ஆவியில காட்டி ஒறையப் பிரிச்சுட்டேன். அண்ணன் பாத்துட்டு, கிழிச்சுப் போட்டுரு, நான் சொல்லிச் சேத்து விடுறேன்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன். சாமியே எழுதிட்டாரே, அப்ப நாம அப்படித்தான் போலன்னு நெனச்சேன்.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. பழைய வேடிக்கை ஒன்றைச் சொல்வது போலவே சொன்னார். நமக்குப் பேனா ஓடவில்லை. “அந்தக் கடிதம் என்ன ஆயிற்று?” என்று கேட்டோம்.

“திருப்பூர்ல ரூமு மாத்தையில எங்கயோ போச்சு, சாமி. ஆனா அந்த வரி தெரியும்” என்றார். தவறின்றிச் சொன்னார். நாம் மறந்திருந்த ‘எனினும்’ என்ற சொல்லும் அதில் இருந்தது.

நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சங்கடப்பட்டு, “அட விடுங்க, சாமி, கம்பிய அறுத்தது நான்தான்” என்றார். பிறகு நேரமாயிற்று, கடையைத் திறக்க வேண்டும் என்று எழுந்தார். மகளைப் பற்றிய கடிதத்தை முடித்துக் கையெழுத்திட்டு, பங்கு முத்திரையைக் குத்தி, அவர் அங்கேயே ஒருமுறை படித்துப் பார்க்கக் கொடுத்தோம். அவர் நின்றவாறே மெல்ல வாய் அசைத்துப் படித்தார். மகளின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருப்பதைக் காட்டினார். திருத்திக் கொடுத்தோம். உறையை ஒட்டவில்லை.